இடது பக்கத்துக் குரல்

திரையில் மாமாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அவள் ஸ்பீக்கரின் குமிழைத் திருகிப் பார்த்தாள். பின்னால் கைவிட்டு ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினாள். எங்கோ தூரத்தில் ஒரு கொசு முனகுவது போல ஏதோ கேட்டது, அவ்வளவுதான். திரையில் மாமா தையல் மெஷினின் தலையைப் பின்னால் சாய்த்து, அதன் அடிவயிற்றைக் காட்டி, ஸ்க்ரூ டிரைவரால் ஓரிடத்தைத் தட்டித் தட்டி விளக்கிக்கொண்டிருந்தார். புருவம் நெரிந்திருந்தது, உதடு வேகமாக ஓடியது. அந்த வீடியோவை எடிட் செய்தவள் அவள்தான் என்பதால் அந்த இடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். 'எண்ணெய் விடுறதுன்னா குளிப்பாட்டுறது இல்லம்மா, ஒரு சொட்டு.' அந்த ஒரு சொட்டுகூட இப்போது காதில் விழவில்லை.

அடுத்த கிளிப்பைத் திறந்தாள். அதிலும் கொசு. அதற்கடுத்ததைத் திறந்தபோது ஒலியைக் கேட்பதை விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்கினாள். திரையின் அடியில் சத்தத்தைப் பட்டையாகக் காட்டும் இடத்தில் இரண்டு பட்டைகள் இருக்க வேண்டும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இங்கே ஒன்றுதான் இருந்தது. அதிலும் மேடு பள்ளம் எதுவுமில்லை, இழுத்துக் கட்டிய நூல் மாதிரி ஒரு கோடு. யார் செய்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த ஸ்டூடியோவில் இருப்பதே இரண்டு பேர்.

"அண்ணா, கொஞ்சம் உள்ள வா."

முன்னறையில் யாருக்கோ பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் கத்தரிக்கோலோடு வந்து நின்றான். கேமரா பிடிப்பது அவன், எடிட் செய்வது அவள். அப்பா விட்டுப்போன ஸ்டூடியோவை இருவரும் சேர்ந்து நடத்துவதாகத்தான் ஊருக்குப் பேச்சு. உண்மையில் அவன் செய்து வைப்பான், அவள் சரி செய்வாள். தலையில் நரை வந்த பிறகும் அவளை அவன் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

"மாமா கிளிப்பை எல்லாம் என்ன பண்ணின?"

"ஓ, அதுவா. நீ ஆஸ்பத்திரில மாமாகூட இருந்தப்ப டிஸ்க் ஃபுல்லுன்னு வந்துச்சு பாப்பா. அந்த ஜவுளிக்கடை திறப்பு விழா வேற எடுக்கணும். உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நானே உக்காந்து பழைய கிளிப்பை எல்லாம் சுருக்கிட்டேன்." அவன் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. பாராட்டுக்குக் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

"சத்தத்தையும் சுருக்கினியா?"

"எம்பி த்ரீ ஆக்கிட்டேன். அதுலயும் மோனோ. பேசுறது ஒரு வாய்தானே, அதுக்கு எதுக்கு ரெண்டு பக்கம்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஒரிஜினல் எங்க?"

"ஒரிஜினலையும் வச்சுக்கிட்டா அப்புறம் எப்படி இடம் வரும்?" என்றான், குழந்தைக்குச் சொல்வது போல.

இந்தச் சண்டை இன்று நேற்று தொடங்கியதல்ல. பழைய கிளிப்புகளை எடுத்து வைப்பதில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கிக்கொள், சத்தத்தைத் தொடாதே. கேமராவில் எப்படி வந்ததோ அப்படியே, சுருக்காத வேவ் கோப்பாக, இரண்டு பக்கமும் இருக்கட்டும். படத்தில் நாலு புள்ளி குறைந்தால் கண் மன்னித்துவிடும், குரலில் ஓர் இழை அறுந்தால் காது விடாது. அதோடு ஒரு கிளிப்பின் கனத்தில் சத்தத்தின் பங்கு கடுகளவு. அதைப் பிழிந்து மிச்சம் பிடிப்பது, வீடு காலி செய்கிறவன் பீரோவை விட்டுவிட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷை இரண்டாக உடைத்துப் பெட்டியில் வைப்பது மாதிரி. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அண்ணன் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவான். அவன் தலையாட்டினால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். அது அவளுக்கு இத்தனை வருடத்தில் உறைத்திருக்க வேண்டும்.

மோனோ ஆக்கினால்கூட வேறு யாருடைய கிளிப்புக்கும் இந்தக் கதி வந்திருக்காது. மாமாவின் கிளிப்புக்கு மட்டும் ஒரு வியாதி உண்டு, அதுவும் அண்ணன் கொடுத்ததுதான். சட்டையில் குத்தும் சின்ன மைக்கைக் கேமராவோடு இணைக்கும் ஒயரை அவன் கடையில் வாங்கவில்லை. பற்றவைக்கும் கம்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து தானே செய்தான். செய்ததில் ஒரு பக்கத்து முனை தலைகீழாகப் போய்விட்டது. இடது பக்கத்தில் குரல் முன்னே தள்ளும்போது வலது பக்கத்தில் அதே குரல் பின்னே இழுக்கும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டிலும் முழுக்குரல். மோனோ என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் தீர்ந்தது கதை. ஒரே கதவை உள்ளேயிருந்து ஒருவரும் வெளியேயிருந்து ஒருவரும் சமபலத்தில் தள்ளுவது போல, இருவரும் மூச்சைப் பிடிக்கிறார்கள், கதவு அசைவதில்லை.

அவள் முதல் நாளே கண்டுபிடித்துச் சொன்னாள். "படம் வருது, சத்தம் வருது, அப்புறம் என்ன குறை?" என்று கேட்டான். பிறகும் சொன்னாள். "ஒரு நாள் பாத்துச் சரி பண்ணிடலாம்" என்றான். அந்த ஒரு நாள் வரவே இல்லை. அவனோடு மல்லுக்கு நிற்பதைவிட இடது பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வலது பக்கத்தை வெட்டிப் போடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. மாமாவின் ஒவ்வொரு கிளிப்பிலும் முதல் வேலையாக அதைத்தான் செய்வாள், பழத்தை உரித்துத் தோலைப் போடுவது போல.

"மாத்தினதுக்கு அப்புறம் போட்டுக் கேட்டியா இல்லையா?"

"கேக்காமலா? ஸ்கூல் ஆண்டு விழா கிளிப்பைப் போட்டுக் கேட்டேன். கணீர்னு இருந்துச்சே."

ஆண்டு விழாவுக்குப் பள்ளிக்கூடத்து மைக். அது ஒழுங்கான மைக். அவள் எழுந்து முன்னறைக்குப் போய், காத்திருந்தவரிடம் போட்டோவைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். வழக்கம் போல வார்த்தை வரவில்லை. கண்ணீர்தான் வந்தது, அதுவும் எரிச்சலில்.

"மாமா குரல் அதுல மட்டும்தான் இருந்துச்சு, தெரியுமா உனக்கு?"

அண்ணன் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தான். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. "யூட்டியூப்ல இருக்கே" என்றான், குரல் இறங்கி.

மாமா என்றால் அவர்களுடைய அம்மாவின் தம்பி, தையல் மெஷின் மெக்கானிக். தெருவில் எல்லாருக்கும் மெஷின் மாமா. அண்ணன்தான் ஒருநாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் அவரை வீடியோ எடுத்தான், அந்தப் புண்ணியத்தை அவனிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. எங்கெங்கோ இருக்கிற தையல்காரப் பெண்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டு மாமாவுக்குப் போன் செய்யத் தொடங்கினார்கள். போனை மெஷின் பக்கத்தில் வைக்கச் சொல்லி, ஓடும் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் மாமா. சொல்வது என்ன, திட்டுவார். 'நூலை எதுல சுத்தி வச்சிருக்க? கயிறா அது?' திட்டு வாங்கியவர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். அவருக்கு மூக்குமேல் கோபம், ஆனால் திட்டி முடிக்கும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல் முதலில் கம்மி, அப்புறம் கரகரத்து, கடைசியில் காற்றாகிவிட்டது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் அந்த வழியைச் சொன்னாள். பழைய குரல் பதிவு சுத்தமாக அரை மணி நேரம் இருந்தால் போதும், அதை வைத்து அதே குரலைச் செய்து போனுக்குள் போட்டுத் தருகிற கம்பெனி இருக்கிறது, இவர் எழுத்தைத் தட்டினால் அது இவர் குரலில் பேசும். மாமா பக்கத்தில் நின்ற அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் உடனே சொன்னாள்: "நம்மகிட்ட மணிக்கணக்கா இருக்கு மாமா. எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஆபரேஷன் அறைக்குள் போனார். அவர் உள்ளே இருந்த அதே நேரத்தில் இங்கே அண்ணன் மோனோவுக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தான் என்று நினைத்தபோது அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

யூட்டியூபில் இருக்கிறது, உண்மைதான். அதில் மாமாவின் குரலுக்கு அடியில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கீபோர்டு இசை ஓடும். வேண்டாம் என்று அவள் சொன்னாள், மாமாவும் சொன்னார். வெறும் மெஷின் சத்தத்தை யார் கேட்பார்கள் என்று அண்ணன்தான் ஒற்றைக்காலில் நின்று சேர்க்க வைத்தான். அவள் இரண்டு நாள் உட்கார்ந்து இசையையும் குரலையும் பிரிக்கப் பார்த்தாள். பிரிந்து வந்த குரல் வாளிக்குள் தலையைவிட்டுப் பேசுவது போலிருந்தது. அனுப்பிப் பார்த்தாள். கம்பெனியிலிருந்து ஒரு இளைஞன் கூப்பிட்டு, மிகுந்த பணிவோடு, இது சரிவராது மேடம் என்றான். அழிந்த கோப்பை மீட்கிற கடைக்கு டிஸ்க்கைக் கொண்டு போனாள். அழித்த இடத்தின்மேல் ஜவுளிக்கடை திறப்பு விழா முழுசாக ஏறி உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

போய்ச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அண்ணன், "நீயே சொல்லிடேன் பாப்பா, நீ சொன்னா கோவிக்க மாட்டாரு" என்று ஸ்கூட்டர் சாவியைக் கையில் கொடுத்தான். அவள் சாவியை அவன் கையிலேயே திணித்து, "நீ ஓட்டு" என்றாள்.

மாமாவின் கடை வீட்டின் முன்பக்க அறைதான். சுவரெல்லாம் பெல்ட்டுகள் தொங்கும், மேசையில் அடிநூல் சுற்றும் பாபின்கள் கிண்ணத்தில் குவிந்திருக்கும், வாசல் வழியாக வரும் வெளிச்சத்தில் மெஷினைத் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்வார். அவர்கள் போனபோது கழுத்தில் துணி கட்டிக்கொண்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே கறுப்புத் துணி ஒன்றை மேசைமேல் இழுத்து ஒட்டியிருந்தார். தையல்காரர்கள் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் அதில்தான் எழுதுவார், உள்ளங்கையால் அழிப்பார். பக்கத்தில் அத்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரோ ஒரு தையல்காரப் பெண் கூப்பிட்டிருந்தாள்.

"அடியில நூல் சிக்குதாம்" என்றாள் அத்தை அவரிடம்.

மாமா கையை மேலே தூக்கி, இரண்டு விரலால் எதையோ உருவி, மறுபடி கோர்ப்பது போலக் காட்டினார்.

"ஊசியைக் கழட்டச் சொல்றாரும்மா" என்றாள் அத்தை போனில்.

மாமா மேசையில் தட்டினார். இல்லை என்று தலையை ஆட்டி மறுபடி காட்டினார், இன்னும் வேகமாக. அத்தை கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "இல்லையாம், சக்கரத்தைச் சுத்தணுமாம். இரும்மா, அதுவும் இல்லையாம்." மாமா சாக்கட்டியை எடுத்து எழுதத் தொடங்கினார். மேல்நூலைக் கழற்றி, என்று எழுதுவதற்குள் சாக்கட்டி ஒடிந்தது. வேறு எடுத்தார். அவர் எழுதி முடித்து நிமிர்ந்தபோது அத்தை போனைக் கீழே இறக்கியிருந்தாள். "அப்புறம் கூப்பிடறேன்னு வச்சிட்டா" என்றாள். மாமா எழுதியதை உள்ளங்கையால் அழித்தார். அழித்த கையை வேட்டியில் துடைத்தார். அவர் நாவின் நுனியில் எத்தனை வசவு வந்து நின்று திரும்பிப் போகிறது என்று அவளால் பார்க்கவே முடிந்தது.

அத்தை அவளைக் கண்டதும், "வா கண்ணு, கம்பெனிக்கு அனுப்பிட்டியா? எப்ப வருமாம்?" என்று கேட்டாள். "அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு சும்மாப் பழகறதுக்குன்னு ஒரு குரலைப் போட்டுக் குடுத்தாளே, அதை இவரு நேத்து போன்ல பேச விட்டாரு. எடுத்தவங்க எல்லாம் ஏதோ லோன் விளம்பரம்னு நினைச்சுப் பட்பட்டுன்னு வச்சிட்டாங்க. எனக்கே வீட்டுக்குள்ள யாரோ வேத்து ஆள் வந்து தண்ணி கேக்கற மாதிரி இருக்கு. அணைச்சுப் போடுங்கன்னுட்டேன்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் வாசலில் நின்றுகொண்டு பெல்ட்டுகளை எண்ணுவது போல அண்ணாந்திருந்தான். அவளே சொன்னாள். சொல்லும்போது ஒயர், மோனோ, இடது, வலது என்று எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கி, பாதியில் அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, "குரல் போயிடுச்சு மாமா" என்றாள். இரண்டாவது முறையாக அவரிடம் யாரோ அதைச் சொல்கிறார்கள் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.

மாமா சாக்கட்டியைக் கீழே வைத்தார். பிறகு மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். வாய் திறந்தது. உதடு வேலை செய்தது, கை நீண்டது, சுட்டுவிரல் ஆடியது. காற்றுகூட வெளியே வரவில்லை. மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளைமேல் கட்டியிருந்த துணிதான் லேசாக எழும்பித் தாழ்ந்தது. அவர் திட்டுகிறார். எத்தனையோ வருடமாக அண்ணன் வாங்கிய திட்டுகளிலேயே நியாயமான திட்டு இதுதான், அது மட்டும் அவன் காதுக்குப் போகவில்லை. அவன் தலை குனிந்து நின்றான். திட்டு முடிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் இடையிடையே நிமிர்ந்து பார்த்தான். அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பாவமாக இருப்பதை நினைத்து இன்னும் ஆத்திரம் வந்தது.

மாமா ஓய்ந்து கையைக் கீழே போட்டார். அத்தை முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, பெருமூச்சோடு சொன்னாள்.

"வாய் இருந்தப்ப இவனை என்ன திட்டு திட்டுவாரு. போன தடவை எங்க கல்யாண நாளுக்கு நீ போட்டுக் காட்டினியே கண்ணு, வரிசையா திட்டா வருமே. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு."

அவள் அத்தையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் ஒரு பென் டிரைவ் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா வீடியோவில் பாடம் சொல்லும்போது பாதி நேரம் பாடம், பாதி நேரம் கேமராக்காரனுக்குத் திட்டு. ஆட்டாதடா, கிட்ட வராதடா, லைட்டை என் கண்ணுல அடிக்காதடா. எடிட் செய்யும்போது அதையெல்லாம் வெட்டி எடுப்பது அவள் வேலை. வெட்டியதைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. இடது பக்கத்தை மட்டும் பிரித்து, வேவ் கோப்பாக, துண்டு துண்டாகச் சேர்த்து வைத்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, கல்யாண நாளன்று மட்டும் கொஞ்சம் போட்டுக் காட்டினாள். எதற்காகச் சேர்த்தாள் என்றால், அண்ணன் ஒன்றைச் செய்து வைத்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல டீ குடிக்கும் நாட்களில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்பாள். அவளுக்கு வராத வார்த்தைகள் எல்லாம் மாமாவின் வாயில் வரிசையாக வரும். ஒரு பத்துத் திட்டு கேட்டால் மனம் ஆறி, எழுந்துபோய் அவன் செய்ததைச் சரி செய்வாள். மருந்து மாதிரிதான். ஆபரேஷனுக்குப் பிறகு அதைத் திறக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அப்புறம் தேடலும் அலைச்சலுமாக அது நினைவிலிருந்தே நழுவிவிட்டது. பாடத்தைத்தான் தேடினாளே தவிர, திட்டிலும் இருப்பது அதே குரல்தான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கம்பெனிக்கு அனுப்பினாள். அரை மணி நேரம் கேட்டார்கள், அண்ணனுக்கு விழுந்த திட்டு அதைத் தாராளமாகத் தாண்டியது. அவள் மாமாவின் கடையில் இருந்தபோது அந்தப் பணிவான இளைஞன் கூப்பிட்டான். இந்த முறை அவன் குரலில் பணிவோடு வேறு எதுவோ கலந்திருந்தது, சிரிப்பை அடக்குகிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஆடியோ ரொம்ப சுத்தமா இருக்கு மேடம். ஆனா எல்லாமே கோவமா பேசறாரே. இதை வச்சுச் செஞ்சா குரலும் அப்படித்தான் வரும். குட் மார்னிங் சொன்னாக்கூட அதட்டற மாதிரி இருக்கும். பரவாயில்லையா?"

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அத்தைதான் முதலில் பேசினாள்.

"அவரு குட் மார்னிங்கே அப்படித்தான்பா சொல்வாரு."

மாமாவின் தோள்கள் குலுங்கின. அவர் அழுகிறாரா என்று பதறிப்போய்ப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கு இன்னும் பழகவில்லை.

இன்னொன்றும் கேட்டான் அந்த இளைஞன். ஒவ்வொரு துண்டிலும் என்ன பேசுகிறார் என்பதைச் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்க அண்ணன் பண்ணிடுவாரு" என்றாள்.

அண்ணன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினான். தன்னை முட்டாள் என்று சொல்வதைக் கேட்பான், நிறுத்துவான், முட்டாள் என்று தட்டுவான், அடுத்ததைக் கேட்பான். இரண்டு நாள் அதுவே வேலை. இடையில் ஒருமுறை ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இந்த ஒயரை அவரும் அன்னிக்கே சொல்லியிருக்காரு பாப்பா" என்றான். "'மாப்ளே, அந்த ஒயரைக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்குடா'ன்னு. நான் சரி மாமான்னு சொல்றதும் இதுல விழுந்திருக்கு."

"அதையும் தட்டு" என்றாள் அவள். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் டீ போட்டபோது அவனுக்கும் சேர்த்துப் போட்டாள். மாலையில் பார்த்தால் அந்த ஒயரைக் காணோம். குப்பைக் கூடையில், இரண்டு துண்டாக வெட்டிக் கிடந்தது.

சில துண்டுகளில் மெஷின் உறுப்புகளின் பெயர் வந்தது, அது அவனுக்குப் பிடிபடவில்லை. மாமாவிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று லேப்டாப்பையும் நல்ல ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை கடைக்குப் போனார்கள். மேசையில் பாபின் கிண்ணத்தை நகர்த்திவிட்டு அவள் ஸ்பீக்கரை வைத்தாள். அத்தை கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். அண்ணன் உள்ளே வரத் துணியாமல் வாசலிலேயே, இரண்டு நிலைக்காலுக்கும் நடுவில், காகிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மாமா துணிமேல் சாக்கட்டியோடு தயாராகக் குனிந்தார்.

அவள் ஒரு துண்டைப் போட்டாள். முதலில் ஒரு மெஷின் சக்கரம் சுற்றும் சத்தம், பிறகு யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் குரல், அறை முழுக்க, கணீரென்று.

"யாருடா அது வாசல்ல? ஆளு பாதி வாசலை அடைச்சுக்கிட்டு நின்னா நான் ஊசிக் காதைத் தடவியா பாக்கறது? தள்ளி நில்லுடா."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவின் உதடு அந்த வார்த்தைகளோடு கூடவே அசைந்தது, ஒன்றுகூடப் பிந்தவில்லை. சுட்டுவிரல் தானாக எழுந்து வாசலை நோக்கி நீண்டது.

"சரி மாமா" என்று சொல்லி அண்ணன் ஒதுங்கினான். வெளிச்சம் மேசைக்கு வந்தது, மெஷினின் ஊசிமேலும், வெள்ளைப் பொடி ஒட்டிய அந்த விரல்மேலும்.